ஊதா மடிப்பு

அத்தியாயம் 4

"அண்ணி, இந்த வண்டிக்கு மெக்கானிக் சரிப்பட்டு வராது. நெஞ்சு டாக்டர்தான் வேணும்."

மேட்டில் பாதி ஏறியதும் பிக்கப் மூன்று முறை இருமியது. ஒரு முறை குலுங்கியது. அப்புறம் நின்றேவிட்டது. ரேடியோ கதவைத் திறந்து குதித்து, பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்தான். அவனுடைய நிஜப் பெயர் அவன் அம்மாவுக்கே மறந்திருக்கும். கண் விழித்ததும் ஆரம்பித்தால் படுக்கும்வரை ஓயாத வாய் என்பதால், தெருவே கூடி வைத்த பெயர் அது.

"காலி வண்டிதானே," என்றார் சர்வேயர், சீட்டை விட்டு அசையாமல். "பாரம்னு ஒண்ணும் இல்லையே."

"நான் இருந்தேனே அண்ணி!"

"அதைத்தான் சொன்னேன்."

சர்வேயர், ரேடியோவுக்கு அண்ணி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருடம் நசுங்கிய வண்டிகளோடு குடும்பம் நடத்தியவர். எது விபத்து, எது நாடகம் என்பதைக் கதவு திறக்கும் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். வேலையை விட்ட பிறகு துப்பறியும் தொழிலில் இறங்கியபோது, வீட்டில் வேலையில்லாமல் பேசிக்கொண்டிருந்த கொழுந்தனை உதவியாளனாகச் சேர்த்துக்கொண்டார். பேச்சாவது வெளியே போகட்டுமே என்றுதான்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவன் கல் பட்டறையின் மாப்பிள்ளை. முகம் இஞ்சி தின்ற மாதிரி இருந்தது.

"மூணு திங்கக்கிழமையா இதே கதைதாங்க. இதே மேடு, இதே இடம். மெக்கானிக் டீசல் லைனையெல்லாம் அலசிப் பார்த்துட்டார். ஒண்ணும் கிடைக்கல."

"திங்கக்கிழமை மட்டுமா?"

"திங்கக்கிழமை நின்னே போயிடும். செவ்வாய், புதன் முனகும். வாரக் கடைசில கொஞ்சம் பரவாயில்ல."

"ஞாயித்துக்கிழமை என்ன சாப்பிடுது உங்க வண்டி?" என்றார் சர்வேயர்.

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை. வரக் காரணமும் இல்லை. மேட்டின் உச்சியில் புதிதாக எழும் கட்டடத்துக்குப் பதினெட்டு படிக்கற்கள் இன்று நான்கு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். மூன்று வாரமாகத் தாமதத்தைப் பொறுத்த கான்ட்ராக்டர், இன்றும் கல் வராவிட்டால் வேறு பட்டறையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையும் ஒரு முடிவோடு இருந்தான்.

"இன்னைக்கும் வண்டி நின்னா நான் எங்க அண்ணனோட லாரி கம்பெனிக்குப் போயிடறேன். வேற ஊரு. யாரோ வேணும்னே வண்டியைக் கெடுக்கிற இடத்துல நான் எதுக்கு இருக்கணும்?"

அந்த 'யாரோ' யார் என்று அவன் சொல்லவில்லை. ரேடியோ முட்டுக் கல்லை எடுத்ததும், மாப்பிள்ளை கியரை நியூட்ரலில் போட்டு, வண்டியைப் பின்பக்கமாகவே பட்டறை வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்தான்.

*

பட்டறை முழுக்க மாவு மில்லைப் போல வெள்ளையாக இருந்தது. கூரை, மரம், நாற்காலி, நாற்காலியில் உட்கார்ந்தவர் எல்லாவற்றிலும் கல்பொடி. நடுவில் தண்ணீர் பீய்ச்சியடிக்க, வட்டக் கத்தி சுழல, ஒரு பலகைக் கல்லை நூல் பிசகாமல் அறுத்துக்கொண்டிருந்தாள் பட்டறைக்காரரின் மகள். பதினைந்து வருடமாக அந்த மிஷின் அவள் கையில்தான். வேறு யார் அறுத்தாலும் ஓரம் உதிரும்.

நேற்று சர்வேயரைத் தேடி வந்து கேஸைக் கொடுத்தவளும் அவள்தான்.

"அப்பா செஞ்சிருந்தா இவர் கிளம்பிடுவார். இவரோட தப்புன்னா அப்பா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார், அப்பவும் இவர் கிளம்பிடுவார். எப்படிப் பார்த்தாலும் நான் மிஷினை நிறுத்திட்டுப் போகணும். யாரால நிறுத்தறேன்னாவது எனக்குத் தெரிய வேண்டாமா?" என்று கேட்டிருந்தாள். அழவில்லை. அதுதான் சர்வேயரைச் சரி என்று சொல்ல வைத்தது.

இப்போது பிக்கப்பின் பானெட் திறந்திருந்தது. மாப்பிள்ளை நான்கு கிளிப்பை விடுவித்து, கறுப்புப் பெட்டிக்குள்ளிருந்து ஏர் ஃபில்டரை எடுத்து நீட்டினான். விசிறி மடிப்பு மடித்த பருத்தித் துணி, இரண்டு பக்கமும் கம்பி வலை.

"இது கம்பெனி ஃபில்டர் இல்லையே," என்றார் சர்வேயர்.

"இல்லைங்க. எங்க பட்டறையில காத்துல பாதி கல்லுதான். கம்பெனியோட பேப்பர் ஃபில்டர் பத்து நாள்ல அடைச்சுக்கும், தூக்கிப் போடணும். இது கழுவிக் கழுவிப் போடறது. எண்ணெய் பூசின துணி, பொடியைப் பிடிச்சு வெச்சுக்கும், காத்தை விட்டுடும். ஓரம் பெட்டியில இடைவெளி இல்லாம உட்காருதான்னு விரல் விட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன்."

"எஞ்சினுக்கு எதுக்குத் துணி?" என்று ஆபீஸ் அறையிலிருந்து ஒரு குரல் வந்தது. குரலுக்குப் பின்னால் பட்டறைக்காரர் வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஃபில்டரை ஏதோ செத்த எலியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "குளிச்சிட்டா வருது, துவட்டிக்க? பேப்பரைப் போடுங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். நான் சொல்லி யாரு கேக்கறா?"

"பார்த்தீங்களா?" என்றான் மாப்பிள்ளை, சர்வேயரிடம்.

"கேட்டேன்," என்றார் சர்வேயர். "எப்படிக் கழுவறீங்கன்னு சொல்லுங்க."

மாப்பிள்ளை பரீட்சைக்குப் படித்தவன் மாதிரி ஒப்பித்தான். ஞாயிறு காலை பொடியைத் தட்டி உதிர்ப்பது. கிளீனர் அடித்துப் பத்து நிமிடம் ஊற விடுவது. குழாயை மெல்லத் திறந்து, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் விடுவது, அழுக்கு வந்த வழியே திரும்பிப் போக வேண்டும் என்பதற்காக. நிழலில் காயவைப்பது. வெயில், ஹேர் டிரையர், காற்றுக் குழாய் எதுவும் கிட்டே வரக்கூடாது. சாயங்காலம் நன்றாகக் காய்ந்த பிறகு, வெளிப்பக்கத்தில் மடிப்புக்கு ஒரு கோடு சிவப்பு எண்ணெய். அது தானாகப் பரவும்வரை பின்கட்டு அலமாரியில். திங்கட்கிழமை ஆறு மணிக்கு வண்டியில்.

"மடிப்புக்கு ஒரே ஒரு கோடுதானா?"

"ஒரே கோடு. ஒரு மடிப்பு விட்டுப்போனா அது வழியா பொடி புகுந்து எஞ்சின் காலி. வாங்கின மறுநாளே சாப்பிடறப்போ இவங்க எல்லாருக்கும் விளக்கமா சொன்னேனே. முதல் வாரம் வண்டி பறந்துச்சு! ரெண்டாவது வாரத்துல இருந்துதான்..."

"எண்ணெய் பாட்டில்?"

கொண்டு வந்தான். அடியில் அரை அங்குலம் இருந்தது.

"இவ்வளவுதானா மிச்சம்?"

"மூடி சரியில்ல போல. ஆவியாப் போகுது."

"எண்ணெய் ஆவியாப் போற ஊரை இப்பத்தான் அண்ணி பார்க்கறேன்," என்றான் ரேடியோ. "இங்க சமையல் எப்படி நடக்குது?"

சர்வேயர் பென்சிலால் மடிப்புகளைப் பிரித்தார். மேல் விளிம்புகள் எல்லாம் சிவப்பு. ஆனால் மடிப்பின் ஆழத்தில், எண்ணெய் தேங்கி நின்ற இடத்தில், நிறம் வேறாக இருந்தது.

"வெளிய ரோஜா, உள்ள கத்திரிக்காய்," என்றான் ரேடியோ எட்டிப் பார்த்து.

ஊதா. சந்தேகமில்லாத ஊதா.

ஃபில்டரைத் திருப்பி, எஞ்சினைப் பார்த்திருக்கும் உள்பக்கத்தைப் பார்த்தார். அது வெளிப்பக்கத்தைவிடப் பளபளத்தது. கம்பி வலையில் தடித்த கறுப்பு முடி ஒன்று சிக்கியிருந்தது. அரை விரல் நீளம். அதை எடுத்து ஒரு காகிதத்தில் மடித்தார்.

"முடி கொட்டுதுன்னா வண்டிக்குக் கவலை ஜாஸ்தி அண்ணி."

"ஸ்குரூ டிரைவர்."

ஃபில்டர் பெட்டிக்கு அடுத்த குழாயிலிருந்து கட்டைவிரல் அளவு பொருள் ஒன்றைக் கழற்றி எடுத்தார். அதன் நுனியில் தலைமுடியைவிட மெல்லிய கம்பி. அதில் எண்ணெய்ப் பிசுக்கு.

"இதுதான் எஞ்சினோட மூக்கு. எவ்வளவு காத்து உள்ள வருதுன்னு இந்தக் கம்பிதான் மோந்து பார்த்துச் சொல்லணும். அதுக்கேத்த மாதிரிதான் டீசல் போகும். மூக்குல எண்ணெய் அப்பினா மூக்கு பொய் சொல்லும். எஞ்சின் மூச்சுத் திணறும்."

"ஆனா நான் ஒரு கோடு..."

"உங்க கோடு சிவப்பு. சிவப்பை எத்தனை தடவை விட்டாலும் ஊதா ஆகாது. யாரோ இதுல நீல எண்ணெய் விட்டிருக்காங்க."

மாப்பிள்ளையின் பார்வை ஆபீஸ் அறைப் பக்கம் போனது. அங்கே கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

*

ஸ்பேர் கடை முழுக்க ஃபேன் பெல்ட்டுகள் தொங்கின. அவற்றை விலக்கிக்கொண்டு போனால் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஒரு கடைக்காரர்.

"கல் பட்டறை பிக்கப்புக்கு ஒரு பேப்பர் ஃபில்டர் கொடுங்க," என்றார் சர்வேயர். "பட்டறைக்காரர் கேட்டார்."

"பேப்பரா? அவரா?"

"ஏன், அவர்தான் பேப்பர் கட்சியாச்சே."

"அது வெளியிலதாங்க, உள்ளுக்குள்ள..." கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பாதியில நிறுத்தாதீங்க," என்று கெஞ்சினான் ரேடியோ. "எனக்கு வயிறு உப்பிடும்."

"சொல்லக் கூடாது. சத்தியம் வாங்கியிருக்கார்."

"சத்தியத்தைப் பத்திரமா வெச்சுக்குங்க," என்றார் சர்வேயர். "கழுவிப் போடற ஃபில்டர் பத்தி மட்டும் சொல்லுங்க, போதும்."

இது கடைக்காரருக்குப் பிடித்த பாடம். உட்கார்ந்திருந்தவர் எழுந்தேவிட்டார்.

"ரெண்டு ரகம்ங்க. ஒண்ணு உலர் ரகம், எண்ணெயே வேண்டாம். தட்டலாம், கழுவலாம், காயவெச்சுப் போட்டுக்கலாம். இன்னொண்ணு எண்ணெய் பூசற பருத்தி. நான் ஆளைப் பார்த்துத்தான் கொடுப்பேன். கை அடக்கமான ஆளுன்னா எண்ணெய் ரகம். கை நிக்காதுன்னா உலர் ரகம். எண்ணெய் கம்மியானாலும் வம்பு, ஜாஸ்தியானாலும் வம்பு. பட்டறை மாப்பிள்ளைக்கு அடக்கமான கை, அதனாலதான் கொடுத்தேன்."

"எண்ணெய் என்ன நிறம்?"

"சிவப்பு. நீலமும் இருக்கு, அது யாரும் வாங்கறதில்ல. ரெண்டு வருஷமா தூசியில கிடந்துச்சு. போன மாசம்தான் ஒரே ஒரு பாட்டில் போச்சு. அன்னைக்குச் சிவப்பு தீர்ந்து போச்சு, அதனால."

"வாங்கினவர் லேபிளைப் படிக்கறப்போ கண்ணாடியை நெத்திக்கு ஏத்திக்கிட்டாரா?"

"ஆமாங்க, அப்படித்தான்... ஐயோ!"

"நீங்க ஒண்ணும் சொல்லல," என்றார் சர்வேயர் ஆறுதலாக. "நான்தான் சொன்னேன். அந்தப் பேப்பர் ஃபில்டரையும், மூக்கு கழுவற ஸ்பிரே ஒண்ணையும் கட்டுங்க."

வெளியே வந்ததும் ரேடியோ கையைத் தேய்த்துக்கொண்டான். "கேஸ் முடிஞ்சது! வாயில பேப்பர், கையில நீலம். மாமனாரே மாப்பிள்ளையை ஊரைவிட்டுத் துரத்தப் பார்த்திருக்கார். இந்த மாதிரி மாமனார் எனக்குக் கிடைக்கலையேன்னு சந்தோஷமா இருக்கு அண்ணி."

"உனக்குப் பொண்ணே கிடைக்கலையே."

"அது வேற கேஸ்."

*

பட்டறைக்காரர் ஆபீஸ் அறையில் தாளிட்டு உட்கார்ந்திருந்தார். சர்வேயர் கதவைத் தட்டி, "ஐயா, நீல எண்ணெய்," என்று மட்டும் சொன்னதும் தாழ் திறந்தது.

அவர் இருவரையும் உள்ளே விட்டு, கதவை மறுபடியும் தாளிட்டார்.

பிறகு பட்டறைக்காரர் கண்ணாடிக் கூட்டுக்குள்ளிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். ஃபில்டர் டப்பாவோடு வந்த விளக்கத்தாள். வரிக்கு வரி பென்சிலால் கோடு போட்டிருந்தது. 'எண்ணெய் விடாமல் பயன்படுத்தக் கூடாது' என்ற இடத்தில் மட்டும் மூன்று கோடு.

"மாப்பிள்ளை நல்லவர். ஆனா அவசரக்காரர்," என்றார் தாழ்ந்த குரலில். "ஒரு மடிப்பு விட்டுப்போனா எஞ்சினே போச்சுன்னு அவரே சொன்னார். எஞ்சின் போனா என்ன ஆகும்? நான் ஜெயிச்சேன், அவர் தோத்தார்னு ஆகும். தோத்த மனுஷன் மாமனார் வீட்டுல இருப்பாரா? என் பொண்ணைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிடுவார். அதான், ஞாயித்துக்கிழமை அவர் எண்ணெய் விட்டுட்டுக் குளிக்கப் போனதும், நான் பின்கட்டுக்குப் போய் மடிப்புக்கு ஒரு கோடு. இந்தத் தாள்ல போட்டிருக்கிற மாதிரியே. ஒரு சொட்டு அதிகமில்ல."

ரேடியோவின் வாய் திறந்தபடியே இருந்தது. "அப்போ நீங்க வண்டியைக் கெடுக்கல?"

"காப்பாத்திக்கிட்டு இருக்கேன்!"

"பின்னே ஏன் வெளிய அந்தத் திட்டு திட்டறீங்க?"

"திடீர்னு நான் பாராட்டினா அவருக்குச் சந்தேகம் வராதா?"

இந்தக் கேள்விக்கு ரேடியோவிடம் பதில் இல்லை. அது நாள்காட்டியில் குறித்து வைக்க வேண்டிய நேரம். ஒன்றரை மணி.

"நீங்க பண்ணினது தப்பு, ஆனா உங்க தப்பு மட்டும் இந்த மேட்டுக்குப் பத்தாது," என்றார் சர்வேயர். "மாப்பிள்ளை ஒரு கோடு, நீங்க ஒரு கோடு. ரெண்டும் வெளிப்பக்கம். வண்டி முனகியிருக்கும், நின்னிருக்காது. மூக்குக்கு நேரா இருக்கிறது உள்பக்கம். அங்கதான் எண்ணெய் சொட்டச் சொட்ட இருக்கு. அப்புறம் இன்னொண்ணு. உங்க நீலம் உங்க பாட்டில்ல இருந்து வந்தது. அப்போ மாப்பிள்ளையோட சிவப்பு பாட்டிலை யார் குடிச்சது?"

பட்டறைக்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். "வேற ஆளா? எங்க பட்டறையில வேற யாரு இருக்கா? நான், மாப்பிள்ளை..."

அவர் முடிக்கவில்லை. வெளியே கல் அறுக்கும் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

*

மிஷின் பக்கத்தில் ஒரு தகர டப்பா. அதில் பென்சில், நூல், அளவு டேப், ஒரு தட்டை பிரஷ். கல்லின் மேல் போட்ட கோட்டிலிருந்து பொடியைத் தள்ள மகள் பயன்படுத்தும் பிரஷ். சர்வேயர் அதை எடுத்துப் பார்த்தார். கறுப்பு முடி, தடிமன், அரை விரல் நீளம். வேர்ப்பக்கம் லேசாகச் சிவந்திருந்தது.

காகிதத்தைப் பிரித்து, ஃபில்டரில் கிடைத்த முடியை அதன் பக்கத்தில் வைத்தார்.

மகள் மிஷினை நிறுத்தினாள். கத்தி சுழன்று சுழன்று ஓய ஒரு நிமிடம் ஆயிற்று.

"நேத்து என்கிட்ட கேஸ் கொடுத்தப்போ, இதைச் சொல்லலையே நீங்க," என்றார் சர்வேயர்.

"இதுல சொல்ல என்ன இருக்கு?" அவள் நிஜமாகவே புரியாமல் விழித்தாள். "திங்கக்கிழமை காலையில மிஷின் போடறதுக்கு முன்னாடி பின்கட்டுக்குப் போனேன். பார்த்தா, அவர் மேல்பக்கம் மட்டும் பூசி வெச்சிருந்தார். அடிப்பக்கம் வெறும் துணி. மறந்துட்டார் போலன்னு பிரஷ்ஷால நல்லா ஒரு கை பூசிவிட்டேன். வாரா வாரம் மறக்கறார். சொன்னா மனசு கஷ்டப்படும்னு நானும் சொல்லல."

"அடியில எதுக்குப் பூசணும்?"

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க? கல்லுக்குச் சீலர் பூசறப்போ மேல ஒரு கை, அடியில ஒரு கை பூசணும். மேல மட்டும் பூசினா அடியால ஈரம் ஏறிக் கறை பிடிச்சிடும். இது தெரியாமலா பதினஞ்சு வருஷம் இந்த வேலை..."

நின்றாள். சர்வேயரின் முகத்தைப் பார்த்தாள். ரேடியோவின் முகத்தைப் பார்த்தாள். அவன் முதல்முறையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஃபில்டர் கல்லு இல்லம்மா," என்றார் சர்வேயர் மெதுவாக. "அது மூச்சு விடணும். நீங்க பூசின பக்கத்துல இருந்துதான் எண்ணெய் தெறிச்சு எஞ்சின் மூக்குல படியுது. உங்க வீட்டுக்காரர் ஒரு கோடு விடறார். அவர் மறந்துட்டாரோன்னு உங்க அப்பா நீலத்துல ஒரு கோடு விடறார். அவர் அடிப்பக்கத்தை மறந்துட்டார்னு நீங்க பிரஷ் எடுத்தீங்க."

"அப்பாவா? அப்பா எண்ணெய் விட்டாரா?" மகள் அறுத்துப் போட்ட கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் பூசறதாலதான் இந்த அளவாவது ஓடுதுன்னு நினைச்சேனே! போன வாரம் வண்டி நின்னதும், பத்தலையோன்னு இந்த வாரம் ரெண்டு கை பூசினேனே!"

ரேடியோ தொண்டையைச் செருமினான். "அண்ணி, குற்றவாளியே வந்து கேஸ் கொடுக்கறது நமக்கு இதுதான் முதல் தடவை. வாடிக்கையா வெச்சுக்கலாம். அலைச்சல் மிச்சம்."

"மணி ரெண்டு," என்றார் சர்வேயர். "நீ போய் அந்த மூக்கைக் கழுவு. பேட்டரி வயரைக் கழட்டிட்டு ஸ்பிரேயை அடி. கம்பியைத் தொடாதே, அதுகிட்டப் பேசவும் பேசாதே. தானாக் காயணும்."

*

ஆனால் மூக்கு சுத்தமானால் மட்டும் போதாது. எண்ணெயில் குளித்த ஃபில்டரைத் திரும்ப மாட்ட முடியாது. கழுவினால் காய நாளைக் காலை ஆகும். காற்றுக் குழாயால் அடித்துக் காயவைத்தால் துணியின் நூல் விலகி ஓட்டை விழும். சர்வேயர் பையிலிருந்து பேப்பர் ஃபில்டரை எடுத்து பானெட் மேல் வைத்தார்.

"இன்னைக்கு மட்டும் இதைப் போட்டுக்குங்க."

வெடித்தது ஒரு சண்டை. ரேடியோ பிற்பாடு அதைப் பலரிடம் நடித்துக் காட்டினான். யாரும் நம்பவில்லை.

"பேப்பரா? கூடவே கூடாது!" என்றார் பட்டறைக்காரர். "மாப்பிள்ளை பார்த்துப் பார்த்து வாங்கினது அந்தத் துணி ஃபில்டர். இன்னைக்குப் பேப்பரைப் போட்டு வண்டி ஏறிடுச்சுன்னா ஊரு என்ன சொல்லும்? அவர் வாங்கினது குப்பைன்னு ஆகாதா?"

"மாமா, பரவாயில்ல, பேப்பரே போடலாம்," என்றான் மாப்பிள்ளை. "கல்லு போய்ச் சேரணும்."

"முடியாது! துணிதான்!"

"பேப்பர்தான் மாமா! நீங்கதானே மூணு வாரமா பேப்பர் பேப்பர்னு..."

"அது அப்போ!"

"இப்ப என்ன ஆச்சு உங்களுக்கு? இதுலயும் என்னைக் கவுக்கப் பார்க்கறீங்களா?"

டங்கென்று ஒரு சத்தம். மகள் சுத்தியலால் கல்லைத் தட்டியிருந்தாள்.

"ரெண்டு பேரும் நிறுத்துங்க. வண்டியை நிறுத்தினது நான்தான்."

அவள் சொன்னாள். பிரஷ், அடிப்பக்கம், இரண்டு கை, எதையும் மறைக்கவில்லை. தன் பங்கு முடிந்ததும் அப்பாவைப் பார்த்தாள். பட்டறைக்காரர் தரையைப் பார்த்தார். சட்டைப் பைக்குள் கையை விட்டு, நீல பாட்டிலை எடுத்து, பானெட் மேல், பேப்பர் ஃபில்டருக்குப் பக்கத்தில் வைத்தார்.

மாப்பிள்ளை பாட்டிலைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். மாமனாரை நெடுநேரம் பார்த்தான்.

"மாமா. நீங்க எனக்காகவா இதைச் செஞ்சீங்க?"

"உங்களுக்காகன்னு யார் சொன்னா? வண்டிக்காக."

"என் மாமனார்தான் கெடுக்கறார்னு எங்க அண்ணன்கிட்டயே சொல்லிட்டேன்."

"நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்," என்றார் பட்டறைக்காரர். "நான் பேசின பேச்சு அப்படி."

மாப்பிள்ளை முகத்தைக் கையால் துடைத்தான். கல்பொடி ஈரமாகிக் கன்னத்தில் கோடு விழுந்தது. "சாப்பிட உட்கார்ந்த இடத்துல, ஒரு மடிப்பு விட்டாப் போச்சுன்னு எல்லாரையும் பயமுறுத்தினது நான்தானே. ஒரு கோடு விட்டுட்டேன், சரியா இருக்கான்னு வந்து பாருங்கன்னு உங்களைக் கூப்பிட்டிருந்தா போதும்."

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒரு நாள் கூப்பிட்டிருக்கீங்களா?" என்றாள் மகள்.

"மணி ரெண்டேகால்," என்றார் சர்வேயர். "பதினெட்டு கல்லு ஏத்தணும்."

நால்வரும் ஒன்றாகக் கையைப் போட்டார்கள். ரேடியோ ஐந்தாவது கையாக வாயைப் போட்டான். பேப்பர் ஃபில்டரைப் பெட்டியில் உட்கார வைத்து நான்கு கிளிப்பையும் அழுத்தியவர் பட்டறைக்காரர். பிறகு எஞ்சினின் மூக்கை மாட்டி, பேட்டரி வயரைச் சேர்த்தான் மாப்பிள்ளை. சாவியைத் திருப்பினான். எஞ்சின் முதல் அழைப்பிலேயே எழுந்தது. இருமல் இல்லை.

*

மூன்று நாற்பதுக்கு வண்டி வாசலைத் தாண்டியது.

மகள் வாசலில் நின்றாள். வளைவு வரைதான் தெரியும், மேடு கண்ணுக்கு மறைவு. காதால்தான் பார்க்க வேண்டும். எஞ்சின் சத்தம் கனத்தது. கியர் இறங்கியது. வழக்கமாக நிற்கும் இடம் வந்திருக்க வேண்டும். பட்டறைக்காரர் காதோரம் கையைக் குவித்தார். சத்தம் அறுபடாமல் மெலிந்து, மெலிந்து, கேட்காமலே போனது.

"ஏறிடுச்சா, நின்னுடுச்சா?" என்றார் பட்டறைக்காரர். "நின்னாலும் சத்தம் கேக்காதே!"

மூன்று ஐம்பத்தைந்துக்கு போன் அடித்தது. மகள் எடுத்தாள், ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேல வந்துட்டேன்," என்றது மாப்பிள்ளையின் குரல். "கல்லு இறங்குது. கான்ட்ராக்டர் வாட்ச்சைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம போயிட்டார்."

பட்டறைக்காரர் சுவரில் சாய்ந்துகொண்டார். மகளுக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏங்க. உங்க அண்ணன்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

அந்தப் பக்கம் கல் இறங்கும் சத்தம். யாரோ, "மெதுவா, மெதுவா" என்று கத்தினார்கள்.

"சொல்லிட்டேன். மேட்டு உச்சியில வண்டியை நிறுத்தினதும் முதல் போன் அவருக்குத்தான். ரெண்டாவதுதான் உனக்கு."

"என்ன சொன்னீங்க?"

"இங்க எனக்கு வேலை இருக்குன்னு சொன்னேன். அப்புறம் கேளு, ஜன்னலுக்கு அடியில வைக்கவும் கல்லு கேக்கறாங்க. ஆறடி நீளம், பன்னெண்டு துண்டு. நாளைக்கே வேணுமாம். உன்னால முடியுமா?"

"நீங்க முதல்ல வண்டியைக் கொண்டு வந்து சேருங்க," என்றாள் அவள்.

போனை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, புதிய பலகைக் கல்லை மேசைமேல் இழுத்துப் போட்டாள். டேப்பை நீட்டி ஆறடி அளந்து, பென்சிலால் கோடு இழுத்தாள். ரேடியோ இந்தக் கேஸைப் பற்றித் தன் முடிவான கருத்தைச் சொல்ல அருகில் வந்து வாயைத் திறந்தான். அவள் மிஷினைப் போட்டாள்.

அவன் என்ன சொன்னான் என்பது யாருக்கும் கேட்கவில்லை.